மண்டபத்துக் கார்டு

பச்சைத் தேயிலை கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போன நாளில் மாடி கட்டியவர்களும் ஜீப் வாங்கியவர்களும், அதே கிலோ நாலரைக்கு இறங்கியதும் பறிக்க ஆள் வைக்காமல் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டார்கள். சிறு விவசாயி கதை அப்படி என்றால் எஸ்டேட்டு மட்டும் தப்புமா? குன்னூருக்குக் கீழே இருந்த வெள்ளிமுடி எஸ்டேட்டில் பாக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜூலை மாதம், நாலு நாளாக மழை விடாத ஒரு காலையில், மேனேஜர் ஆபீஸ் கிளார்க் மருதாம்பாளைக் கூப்பிட்டு, வேலையை விட்டு நிறுத்த நாற்பது பேர் பெயரை எழுதிக் கொண்டு வரச் சொன்னார்.

"யார் யாரைங்க சார்?"

"ரெக்கார்டு இல்லாதவங்க முதல்ல. வயசுக்கு ப்ரூஃப் இல்ல, ஊருக்கு ப்ரூஃப் இல்லன்னா நாளைக்கு கோர்ட்டு அது இதுன்னு யாரும் நிக்க முடியாது."

மருதாம்பாளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரெக்கார்டு இல்லாதவர்கள் யார்? சிலோன்காரங்கதான். பேனாவைத் திறக்கும்போதே அவள் மனசில் இருபது பெயர் ஓடியது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மலைக்கு வந்தவள் அவள். வந்து பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் சிலோன்காரர்களைப் பற்றி அவள் அபிப்பிராயம் ஒரு நூல் அசைந்ததில்லை. "கவர்மெண்டு ஊடு குடுத்துச்சு, வேல குடுத்துச்சு, லோன் குடுத்துச்சு. நம்ம சனத்துக்கு என்னத்தக் குடுத்துச்சு?" என்று பஸ்ஸிலும் சொல்வாள், மாரியம்மன் கோயில் வரிசையிலும் சொல்வாள். சம்பள நாளில் அவர்கள் கைநாட்டு வைக்கும்போது கட்டைவிரலைத் தொடாமல் முந்தானையால் பிடித்து மைப்பெட்டியில் அழுத்துவாள். முடிந்ததும் லைப்பாய் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவாள். அந்த வாடை, கம்பளி நனைந்து காயாத வாடை, அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.

ஆனால் அவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளிடம் ஒரு கதையும் இருந்தது. அதில் பெருமை அவள் புருஷனுக்கு. ஆறுக்குட்டி இப்போது பஜாரில் விறகு மண்டியும் பலசரக்குக் கடையும் வைத்திருந்தாலும் முன்பு தோல் பதனிடப் பட்டை உரித்து அனுப்பும் சீகை மரக் காண்டிராக்டர். எண்பத்து நாலில் மண்டபம் முகாமுக்கு லாரி கொண்டு போய், போக்கிடம் இல்லாமல் கிடந்த சிலோன் குடும்பங்களை ஏற்றிவந்து அவலாஞ்சிக்கு மேலே காட்டில் வேலை கொடுத்தவர். அப்போது மருதாம்பாள் புதுப்பெண். வாரம் ஒரு மூட்டை அரிசியும் கருவாடும் அவள்தான் அளந்து கட்டி ஜீப்பில் ஏற்றிவிடுவாள். "அத்தன பேருக்கும் சோறு போட்டமுங்க. ஒரு வருசம் ஆகல, ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிட்டாங்க. நன்றி கெட்ட சனம்" என்று கதையை முடிப்பாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

பட்டியலில் ஏழாவது பெயர் வேலாயி. வீரையா மனைவி, வயது சுமார் ஐம்பத்தைந்து, கொழுந்து பறிப்பு, நிரந்தரமாகிப் பதினொரு வருஷம். ரெக்கார்டில் 'மண்டபத்தில் கொடுத்த பேமிலி கார்டு தொலைந்தது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தன்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவள் ஒரு தாளில் கைநாட்டு வைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஆபீசுக்கே வந்து வைத்துவிட்டுப் போனார்கள். வேலாயி சரிவில் வழுக்கி விழுந்து கால் வீங்கி லீவில் கிடந்தாள். இன்றைக்கே வேண்டும் என்றார் மேனேஜர். வேறு வழியில்லாமல் குடையும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு மருதாம்பாள் தொழிலாளர்கள் குடியிருந்த கீழ்லைனுக்கு நடந்தாள்.

லைன் வீடுகளுக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. போகும் வழியில் கக்கூசுக் குழி மழையில் நிரம்பி, படியில் வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரையே ஒரு நாய் நக்கிக்கொண்டு நின்றது. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, மூச்சை அடக்கி, கல் கல்லாகத் தாண்டினாள். எப்படி இருக்கிறார்கள் இந்த நாற்றத்தில், மனுஷர்கள்தானா என்று தோன்றியது. குழியை எடுக்கச் சொல்லி இவர்கள் கொடுத்த மனு மூன்று மாதமாகத் தன் மேசையிலேயே கிடக்கிறது என்பது அப்போது அவளுக்கு நினைவில் இல்லை.

ஒற்றை அறை. சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. வேலாயி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் கோகிலவாணி உப்புத் தண்ணியில் துணி நனைத்து வீக்கத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, கிளாக்கரம்மா. இந்த மழையில எங்க லயத்துப் பக்கம்" என்றாள் வேலாயி. "தேத்தண்ணி போடச் சொல்லமாட்டேன். நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்துட்டுப் போங்க."

மருதாம்பாள் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னாள். ஆதாரம் இல்லாதவர்களை நிறுத்துவதாக எஸ்டேட் முடிவு என்றாள். தாளை நீட்டினாள். கோகிலவாணி ஒற்றுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அப்ப எம் பேர வெட்டியாச்சு."

"நா என்னங்க பண்றது. கார்டத் தொலைக்காம வெச்சிருக்கோணும். கவர்மெண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடுத்துதுதான? ஊடு, லோனு எல்லாமே அதுலதான வாங்கினீங்க. அகதியா வந்தவங்களுக்கு அத்தன செஞ்சிருக்காங்க, ஒரு கார்ட பத்திரமா வெக்கத் தெரியலையா?"

வேலாயி அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நாங்க அகதி இல்ல, கிளாக்கரம்மா. எங்க பாட்டன் திருச்சிப் பக்கமிருந்து போனவரு. பாஸ்போர்ட்டு வாங்கி, கப்பலுக்கு டிக்கெட்டு வாங்கி, இந்தியாக்காரங்கன்னு கையெழுத்துப் போட்டுத்தான் வந்தோம். அங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னீங்க. சரி, அது போகட்டும். கார்ட நான் தொலைக்கல. புடுங்கினாங்க."

"யாரு?"

"அம்மா, விடும்மா" என்றாள் கோகிலவாணி.

"ஏன் விடணும்? பேரு இருந்த மட்டும் வாய மூடிக்கிட்டிருந்தேன். இப்பதான் வெட்டியாச்சே." வேலாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மண்டபத்துல ஒரு காண்டிராக்டர் வந்தாரு. 'இங்க இருந்தா வருசக்கணக்கா வரிசையில நிப்பீங்க. ஊட்டியில தேயிலத் தோட்டத்து வேல, அரிசி, வீடு எல்லாம் உண்டு, ஏறுங்க'ன்னாரு. ரிஜிஸ்தர் பண்ணணும்னு கார்ட எல்லாம் வாங்கிப் பைல போட்டுக்கிட்டாரு. பதினாறு குடும்பம் ஏறினோம். இறக்கிவிட்ட எடத்துல தேயிலயும் இல்ல, வீடும் இல்ல. காடு. கறுப்புத் தாள்ல நாலு கம்பு நட்டுக் குடிசை. காலையில புல்லு மேல வெள்ளையா உப்புக் கொட்டினாப்புல பனி கெடக்கும். சீகை மரம் வெட்டணும், பட்டை உரிக்கணும். சம்பளம் கேட்டா, சாப்பாட்டுக்கே சரியாப் போச்சுன்னு சொல்லுவாங்க."

சீகை மரம், லாரி, பதினாறு குடும்பம். கதை மருதாம்பாளுக்கு வரிக்கு வரி தெரிந்த கதைதான். யார் அந்தக் காண்டிராக்டர் என்று கேட்க வேண்டிய இடத்தில் அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"சாப்பாட்டுக்குத்தான் அரிசி வந்துச்சல்லங்க? வாரா வாரம், கருவாடோட…"

"அரிசியா?" வேலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோள மாவு. மாட்டுக்குப் போடுறது. கையில எடுத்தா புழு நெளியும். சல்லடை கூட இல்ல, சேலத் தலப்புலதான் சலிப்போம். புள்ளைங்களுக்கு வயித்தால போக ஆரம்பிச்சது அதுலதான். எம் மகன் சுரேந்திரனுக்கு நாலு வயசு. மூணு நாளு போச்சு. பட்டை லாரி கெளம்புறப்ப கால்ல விழுந்தேன், ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் புள்ளையக் கொண்டு போகணும்னு. 'லோடு ஃபுல்லா இருக்கு, அடுத்த டிரிப்புல பாக்கலாம்'னுட்டாரு. அடுத்த டிரிப்பு வந்தப்ப குழி வெட்டியாச்சு."

அடுப்பில் ஈர விறகு சீறியது.

"ஒரு நாளு வெள்ளனவே கோகிலத்தத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம். பின்னால மத்தவங்களும் வந்தாங்க. கார்டு இல்லாம எந்த ஆபீசுக்குப் போனாலும், நீங்க யாருன்னு எப்புடித் தெரியும்னு தொரத்தினாங்க. அதுக்குப் பொறகு ரெண்டு தடவ அவரு கடைக்குப் போய்க் கார்டக் கேட்டேன். யாருன்னே தெரியாதுன்னாரு. ரெண்டாந்தடவ நீங்கதான் வெளிய வந்தீங்க, கிளாக்கரம்மா. வாசக் கழுவின தண்ணிய எம் மேல ஊத்துனீங்க."

மருதாம்பாளுக்கு நினைவு வந்தது. முகம் நினைவில்லை. எண்பத்தாறோ ஏழோ, கடை வாசலில் கத்திக்கொண்டிருந்த ஒரு சிலோன்காரி, வாளியைக் கவிழ்த்ததும் நின்றுபோன சத்தம், சனியன் தொலைந்தது என்று தான் உள்ளே போனது, எல்லாம் வந்தது. சாணியும் சோப்பும் கலந்த தண்ணீர்.

"இத்தன வருசமா… மாசா மாசம் எங்கிட்ட வந்து கைநாட்டு வெச்சீங்களே. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா பேர வெட்டிருப்பீங்க" என்றாள் வேலாயி. பிறகு கட்டைவிரலை நீட்டினாள். "மையக் குடுங்க."

மருதாம்பாள் தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். வெளியே வந்தாள். கக்கூசுக் குழி வழிந்த படிக்கட்டுக்கு வந்தபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடி ஓரம் குந்தி காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினாள். குழியின் நாற்றத்தால்தான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

மத்தியானம் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஆறுக்குட்டி சாப்பிட உட்கார்ந்தார். கோழிக் குழம்பு. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங் மாமா, அவலாஞ்சியில வேலைக்கு இருந்தாங்களே, சிலோன்காரங்க. அவங்க கார்டெல்லாம் என்ன ஆச்சுங்?"

"எந்தக் கார்டு? ஓ, அதா. பழைய பர்மிட்டு மூட்டையோட அட்டத்துல கெடக்கும். பாதிய எலி தின்னிருக்கும். ஏம் புள்ள?"

"அதை எதுக்குங்க நீங்க வெச்சுக்கிட்டீங்க?"

அவர் எலும்பை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். இந்தக் கேள்விக்காகக் கூச்சப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "கார்டக் கையில குடுத்தா மறுநாளே ஓடீருமல்ல? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதுக்குப் போடறோம்?"

"நா கட்டிக் குடுத்த அரிசி?"

"போற வழியில எமரால்டு பஜார்லயே ஒருத்தன் நல்ல வெலைக்கு எடுத்துக்குவான். அந்தச் சனத்துக்குப் பொன்னி அரிசி கேக்குதாக்கும்? மாவே சாஸ்தி."

"ஒரு கொழந்தை செத்துப் போச்சாமே."

"குளிருல ரெண்டு மூணு போச்சு. நாம என்ன பண்றது. கொழம்பு ஊத்து."

ரெண்டு மூணு. அவர் விரலில் வழிந்த எண்ணெயை நக்கிக்கொண்டார். அந்த விரல், அந்த மீசையில் ஒட்டிய பருக்கை, ருசித்து அசையும் தாடை எல்லாவற்றையும் மருதாம்பாள் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இந்தக் கையோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள், இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பழனிக்கு நடந்திருக்கிறாள். லைன் வீட்டு வாடைக்குச் சோப்பு போட்டுக் கழுவியவள் இதை எந்தச் சோப்பு போட்டுக் கழுவுவாள்? கரண்டியைக் குண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

"கொழம்பு ஊத்தச் சொன்னேன்."

"நீங்களே ஊத்திக்கங்க. இனி உங்களுக்கு என்னால சோறு போட முடியாதுங்."

அவர் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தார். கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனதும் அவள் ஏணி போட்டு அட்டத்தில் ஏறினாள். சாக்கு மூட்டைக்குள் எலிப் புழுக்கைக்கு நடுவே பதினோரு கார்டுகள் மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றிலும் குடும்பத்தோடு ஒரு போட்டோ, முன்னால் நம்பர் எழுதிய சிலேட்டு. வேலாயியின் கார்டில் வீரையாவின் மடியில் ஒரு பையன். போட்டோ எடுக்கும்போது தலையைத் திருப்பிவிட்டான் போலிருக்கிறது, முகம் கலைந்திருந்தது. உள்பக்கத்தைப் புரட்டினாள். வீடு, தொழில் கடன், வேலை நியமனம் என்று வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சீல் வைக்க இடம். ஒரு சீல்கூட இல்லை. பதினோரு கார்டையும் புரட்டினாள். எல்லாம் காலி. கவர்மெண்டு கொடுத்தது, கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அது இதுதான்.

மறுநாள் காலை வேலாயியின் கார்டை மேனேஜர் மேசையில் வைத்து, ஆதாரம் கிடைத்துவிட்டது, பெயரை எடுத்துவிடலாம் என்றாள். அவர் பார்த்தார். சரி என்றார்.

"அப்ப முப்பத்தொன்பதுதான் ஆச்சு. இன்னொரு பேர் போடுங்க."

"இன்னொருத்தர் வேண்டாமேங்க சார்."

"நாப்பதுன்னு சொல்லியாச்சு, மருதாம்பாள்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "என்னால எழுத முடியாதுங். வேணும்னா எம் பேரைப் போட்டுக்கங்க." மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கையாலேயே காத்தமுத்து என்று யாரோ ஒருவர் பெயரை எழுதினார். அவரும் சிலோன்காரர்தான். அந்த வேலை அவ்வளவு சுலபமாக முடிந்தது. மருதாம்பாளும் இத்தனை வருஷம் ஆபீசில் இப்படித்தானே எழுதிக்கொண்டிருந்தாள். கக்கூசுக் குழி மனுவைத் தேடி எடுத்து மேனேஜர் முன்னால் வைத்து, அவர் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவளால் ஆனது.

வேலாயி கார்டை வாங்கிக்கொண்டாள். பையனின் கலைந்த முகத்தின் மேல் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"மத்தவங்க கார்டும் இருக்குதுங்க. பத்து" என்றாள் மருதாம்பாள். "யார் யார் எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேருமாப் போய்க் குடுத்துட்டு வரலாமுங்க."

"நான் எதுக்கு வரணும்? ஒங்க வீட்டுச் சாமான். நீங்களே குடுத்துட்டு வாங்க." ஆனால் தெரிந்த வரைக்கும் ஊர் பெயர்களைச் சொன்னாள். கோகிலவாணி எழுதிக் கொடுத்தாள்.

மருதாம்பாள் வீட்டை விட்டு வந்து, ஆபீஸ் பக்கத்தில் தனக்கென்று ஒதுக்கிப் பூட்டியே கிடந்த கிளார்க் குவார்ட்டர்சில் இருந்துகொண்டாள். ஆறுக்குட்டி இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். மூன்றாம் தடவை, யாரோ சிலோன்காரி செய்வினை வைத்துவிட்டாள் என்று பஜாரில் சொல்லிக்கொண்டு போனார். அவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒரு மனுவாக எழுதி, தாசில்தார் ஆபீசில் கொடுத்தாள். பதினேழு வருஷத்துக் கதை, பார்க்கலாம் என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோத்தகிரியில் ஒரு குடும்பம் கிடைத்தது. பைக்காராப் பக்கம் ஒரு பெரியவர் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் கொஞ்சம் நெஞ்சு லேசாக இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

நாலாவது ஞாயிறு தேவர்சோலைக்குப் போனாள். காத்தாயி என்ற அம்மாள், தேயிலை போடாத ஒரு தோட்டத்தில் இஞ்சி வயலில் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். புருஷன் இறந்து பத்து வருஷம். மருதாம்பாள் தான் யார் என்று மறைக்காமல் சொன்னாள். கார்டை இரண்டு கையாலும் நீட்டினாள். காத்தாயி அழுவாள் என்றோ, திட்டுவாள் என்றோ, 'நீயாவது கொண்டு வந்தியே' என்று சொல்வாள் என்றோ அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

காத்தாயி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்ப் பிளேடு ஒன்றை எடுத்து வந்தாள். வாசல் கல்லில் உட்கார்ந்து, பொறுமையாக, ஓரம் கிழியாமல் போட்டோவை மட்டும் வெட்டி எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் படம் வேற எதுவுமே இல்ல. இது போதும்" என்றாள். மீதி அட்டையை மருதாம்பாள் கையிலேயே வைத்தாள். "இத என்னத்துக்கு எனக்கு? நன்றின்னு நான் சொல்லணும்னு நிக்கிறீங்களா?"

ஆமாம், மருதாம்பாள் அதற்குத்தான் நின்றாள். சோறு போட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவள், இப்போது கார்டு கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு முகம் தேடி மலையெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மூட்டை அரிசியிலிருந்து இதுவரைக்கும் அவள் நின்ற நிலை ஒன்றேதான் என்று தெரிந்தபோது, வேறு யார் மேலும் வராத ஓர் அருவருப்பு அவளுக்குத் தன்மேல் வந்தது.

"இல்லைங்க" என்றாள். "சொல்ல வேண்டாமுங்க."

காத்தாயி போட்டோவை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான் கூடலூர் பஸ். மருதாம்பாள் ஓட்டை விழுந்த அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் மழையில் நின்றாள். இன்னும் ஏழு கார்டு இருந்தது. அதில் இரண்டு குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற ஐந்து வீட்டுக்கும் போக வேண்டும், கொடுத்த கையோடு திரும்பிவிட வேண்டும், வாசலில் நிற்கக் கூடாது.